மேகக் கடலும் பாறைக் கரையும்



பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் படம் வரைந்து வைக்கும் மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையிடம் நீங்கள் என்ன கூறி வருகிறீர்கள்? "படம் வரைவது ஹராம், எடுத்து வை" என்னும் ஒரே வாக்கியத்தோடு நம்மில் பலருடைய வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. கையில் இயல்பாகவே வந்து அமர்ந்த ஒரு திறமை, எந்த வழியில் செல்வது என்று தெரியாமல் வாடிப் போகிறது. சில பிள்ளைகள் மறைவாக வரைகின்றனர். சிலர் அடியோடு விட்டுவிடுகின்றனர்.

மார்க்கம் அந்த வாக்கியத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நினைவூட்டவும், அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு நீங்கள் சென்று வரத்தக்க ஓர் இடத்தைக் காட்டவுமே இக்கட்டுரை. இடம் நீலகிரி, குறிப்பாகக் கூனூருக்கு அருகிலுள்ள பாறை முகடுகள். கற்க வேண்டியது, பாறையைத் தைல வண்ணத்தில் தீட்டுவது.

உயிரில்லாதவற்றை வரையலாம்

உருவப் படங்களை வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. உயிருள்ளவற்றின் உருவங்களை அமைப்போருக்குரிய கடுமையான எச்சரிக்கையை அவர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்டவர் பெரிதும் கலங்கினார். அப்போது, வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவருக்கு வழிகாட்டினார்கள். எச்சரிக்கையை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி, அதே இடத்தில் திறந்து விடப்பட்ட வாசலைச் சொல்லாமல் விடுவது முறையாகுமா?

அந்த வாசல் வழியே நம் முன்னோர்கள் சென்றும் இருக்கிறார்கள். டமாஸ்கஸ் நகரின் உமய்யாப் பெரிய பள்ளிவாசலைக் கலீஃபா முதலாம் வலீது கி.பி. 706 முதல் 715 வரையிலான ஆண்டுகளில் கட்டினார். அதன் சுவர்களில் சின்னஞ்சிறு வண்ணச் சில்லுகளைப் பதித்து ஆற்றையும், அதன் கரையில் ஓங்கிய மரங்களையும், மாளிகைகளையும் அமைத்தார்கள். இத்தனை பெரிய காட்சியில் ஒரு மனிதரும் இல்லை. ஒரு விலங்கும் இல்லை. இயற்கைக் காட்சி என்னும் கலை நமக்குப் புதிதன்று.

பாறையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? திருக்குர்ஆனின் அல்காஷியா அத்தியாயம் (88:19), மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று பார்க்கவில்லையா என மனிதனை வினவுகிறது. ஃபாத்திர் அத்தியாயமோ (35:27) இன்னும் நெருங்கிச் சென்று மலையின் நிறங்களையே எண்ணிக் காட்டுகிறது. வெண்மையும் செம்மையுமாய்ப் பல சாயல்களில் கோடுகள் ஓடுவதையும், அடர்ந்த கருமை இருப்பதையும் அது குறிப்பிடுகிறது. இதை அடுத்து வரும் வசனந்தான், அல்லாஹ்வின் அடியார்களில் அறிந்தோரே அவனை உண்மையாக அஞ்சுகிறார்கள் என்று உரைக்கிறது. நிறங்களைப் பற்றிய பேச்சும் அறிவைப் பற்றிய பேச்சும் இவ்வளவு அருகருகே அமைந்திருப்பதை நாம் எத்தனை முறை ஓதிக் கடந்திருப்போம்! மலையில் செம்மை எங்கே, வெண்மை எங்கே, கருமை எங்கே என்று என்றாவது நின்று பார்த்திருக்கிறோமா? தூரிகை பிடித்தவருக்குப் பார்க்காமல் தப்ப முடியாது.

கூனூரை அடைதல்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறுங்கள். 1899இல் கூனூர் வரையும், 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். ஓட்டம் மிக மெதுவாக இருப்பதால், வெட்டிய மலைச் சுவர்கள் சன்னலுக்கு மிக அருகில் நிதானமாகக் கடந்து செல்லும். பிள்ளையைச் சன்னலோரம் அமரச் செய்யுங்கள். பாறையைப் பற்றிய முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

வாகனத்தில் வருவோர் ஒன்றை நினைவிற் கொள்க. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை மலைக்குக் கொண்டு வராதீர்கள்.

கூனூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் அமைந்திருப்பதால் வடகிழக்குப் பருவமழை இங்கு வலுவாகப் பெய்யும். ஆகவே, படம் தீட்ட வருவோருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்ற காலமன்று. ஜனவரி முதல் மார்ச் வரை வெளிச்சம் தெளிவாயிருக்கும். கோடை விடுமுறைக் கூட்டமும் இராது.

நகரிலிருந்து டால்ஃபின்ஸ் நோஸ் செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் லாம்ஸ் ராக் என்னும் பாறை முகடு வரும். இங்கே பாதை அமைத்த லாம்ப் என்ற ஆங்கிலத் தளபதியின் பெயரால் வழங்குவது. மரங்களினூடே சற்று நடந்ததும் தரை சட்டென்று முடிந்துவிடும். காலடியில் பல நூறு அடி ஆழச் செங்குத்து, அதற்கப்பால் காடு, அதற்கும் அப்பால் கோவைச் சமவெளி. பெரும் பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் பக்காசூரன் மலை நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியிலுள்ள சிதைந்த கோட்டை, திப்பு சுல்தானின் காவலரணாக விளங்கியது என்று கூறப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பது சுவரின் சிறு பகுதியே.

காலைப் பொழுதில் இங்கே நின்றால் சில நாள்களில் ஒரு விந்தையைக் காணலாம். பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம் நிரம்பிவிடும். சமவெளி மறைந்துவிடும். பாறை முகடுகள் மட்டும் அந்த வெள்ளத்தில் முனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். மேகம் பாறையில் மோதி எழும்பும், பின்வாங்கும், மீண்டும் வரும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணற்கரைகளைப் பார்த்தே வளர்ந்த நேயர்களுக்கு, ஓசையில்லாத பாறைக் கடற்கரை ஒன்று மலைமேல் விரிந்து கிடப்பதாகவே தோன்றும். கடற்பாறையைத் தீட்டக் கற்போர் கைவரப் பெற வேண்டியவை, திண்மையான கல்லும், கணந்தோறும் மாறும் அலையும், இரண்டும் சந்திக்கும் விளிம்புமாகும். அவை மூன்றுக்கும் இங்கே பயிற்சி கிடைக்கும். இங்கே கற்றவர் பின்னாளில் முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ பாறைக் கரையில் அமர்ந்தால் கை தடுமாறாது.

முன்பு வந்தவர்கள்

இந்த மலைகளைத் தீட்டியவர்கள் பலர். ரிச்சர்ட் பாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் நீலகிரிக் காட்சிகள் 1837இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. அன்றைய தலைமை ஆளுநரின் மனைவியான சார்லட் கேனிங் 1858இல் கூனூரில் தங்கி நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். லாம்ஸ் ராக்கைக் கடந்து அதே சாலையில் வரும் காட்சி முனை, 'லேடி கேனிங்ஸ் சீட்' என இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

அவர்களுள் நமக்குப் பயன்படும் பாடத்தை விட்டுச் சென்றவர் எட்வர்ட் லியர். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் உலகறிந்த இவர், மத்தியதரைக் கடலின் பாறைக் கரைகளைப் பல்லாண்டுகள் வரைந்த காட்சி ஓவியரும் ஆவார். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873இல் இந்தியா வந்தவர், 1874 அக்டோபரில் நீலகிரிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 62. அவருடைய வழக்கம் யாதெனில், காட்சியின் முன் அமர்ந்து பென்சிலால் விரைவாக வரைந்துகொள்வார். இன்ன இடத்தில் இன்ன நிறம் என்று படத்தின் மீதே சொற்களாக எழுதிக்கொள்வார். மையும் வண்ணமும் பின்னர்தான். பெரிய தைல வண்ண ஓவியங்களை நாடு திரும்பிய பிறகு, அந்தக் குறிப்புகளைக் கொண்டு தீட்டினார்.

மூடுபனி எந்த நொடியிலும் காட்சியை மறைத்துவிடும் கூனூரில், தொடக்கநிலை மாணவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. மலையில் பென்சிலும் தாளும் போதும். தைல வண்ணம் வீட்டில் இருக்கட்டும். குடும்பத்தோடு வந்தவர்களுக்கும் இது எளிது. மற்றவர்கள் நடந்து வருவதற்குள் பிள்ளை ஒரு படத்தை முடித்துவிடும்.

நிழலைப் படித்தல்

பாறையின் முன் அமர்ந்தவுடன் வரையத் தொடங்க வேண்டாம். முதலில் கண்களைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு விவரங்கள் மறைந்து, பாறை மூன்று பகுதிகளாகப் பிரியும். வானத்தை நோக்கிய மேற்புறம் வெளிச்சமாயிருக்கும். பக்கவாட்டு முகம் நடுத்தரமாயிருக்கும். வெடிப்புகளும் அடிப்புறமும் இருண்டிருக்கும். இம்மூன்றையும் சரியாகப் பிரித்தால் பாறை தாளில் கனத்து அமரும். பிரிக்காமல் வெடிப்புகளை மட்டும் கோடு கோடாக வரைந்தால் கசங்கிய காகிதம் போலாகிவிடும்.

அடுத்து நிழல். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாறையின் முகமே மாறிவிடும். ஓவியம் கற்போர் எல்லாரும் முதலில் இடறுவது இங்கேதான். காலை நிழலில் தொடங்கி நண்பகல் நிழலில் முடிப்பார்கள். பாறை இரு சூரியன்களுக்குக் கீழே நிற்கும்.

நமக்கோ நிழல் புதியதன்று. கடிகாரம் வருமுன் நம் முன்னோர்கள் நிழலை அளந்தே தொழுதார்கள். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். உச்சி நிழல் நீங்கலாக, பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபின்படி அஸர். மேற்கே செம்மை மறையும் வரை மஃரிப். நிழலை இறைவன் எவ்வாறு நீட்டுகிறான் என்பதையும், சூரியனை அதற்கு வழிகாட்டியாக ஆக்கியிருப்பதையும் அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:45) சிந்திக்கச் சொல்கிறது. ஐவேளையும் வெளிச்சத்தின் மாற்றத்தோடு பிணைக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் பிள்ளை, நிழலைப் பார்க்கத் தெரியாமல் வளரலாமா? ஒரு குச்சியைத் தரையில் நட்டு, நிழல் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். வரைந்து முடித்தபின் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். தொழுகை நேரமும் ஓவியப் பாடமும் ஒரே குச்சியில் விளங்கிவிடும். படத்தின் மூலையில் தேதியையும் நேரத்தையும் குறிப்பது அவசியம்.

பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிர் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதே பார்வை என்று ஆய்ந்து நிறுவியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களையும் கலைஞர்களையும் சென்றடைந்தது. நாம் பாறையைத் தீட்டுவதில்லை. பாறை நமக்கு அனுப்பும் ஒளியையே தீட்டுகிறோம். இது பிள்ளைக்கு விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பாறை சாம்பல் நிறமா?

பாறைக்கு என்ன நிறம் என்று கேட்டால் 'சாம்பல்' என்போம். அருகில் சென்று பாருங்கள். நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. சென்னைப் பல்லாவரம் குன்றுகளிலும் இதே கல்தான். அங்கிருந்து வெட்டிச் சென்ற கல்லில்தான் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை அமைந்தது. அவர் பெயரே பாறைக்கும் வந்தது. சென்னை வாசகர்கள் மலையேறாமலும் பயிலலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

புதிதாக உடைந்த இடத்தில் இக்கல் நீலமும் பச்சையும் கலந்த கருமையாகத் தோன்றும். நீர் வழிந்த தடங்களிலும் கருமைதான். கல்லிலுள்ள இரும்பு துருவேறிய இடங்களில் செம்மை படரும்; மலை முழுவதும் நீங்கள் காணும் செம்மண்ணும் பாறை சிதைந்து உண்டானதே. வெளிறிய திட்டுகளாகப் படிந்திருப்பவை, நம் பிரியாணியில் மணக்கும் கல்பாசியின் இனத்தவை. வெண்மை, செம்மை, கருமை என்று ஃபாத்திர் அத்தியாயம் சொன்ன மூன்றும் ஒரே பாறையில்! இவற்றின் மேல், நிழற்பகுதிகளில் வானத்தின் நீலமும் மெல்லச் சேரும்.

தொலைவுக்கும் நிறம் உண்டு. அருகிலுள்ள பாறையில் கருமையும் செம்மையும் அழுத்தமாயிருக்கும். பக்காசூரன் மலையில் அவை மங்கி நீலமாகும். அதற்கும் பின்னாலுள்ள தொடர் வானத்தோடு கலந்துவிடும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் நேர்வது இது. ஆகவே மலைகளைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தீட்ட வேண்டும். முதலில் வெளிறிய நீலம். இறுதியில் அழுத்தமான பாறை.

வீட்டில் தைல வண்ணம்

தைல வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. நீர்வண்ணம் நீர் ஆவியாகி உலர்கிறது. தைல வண்ணமோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. இதற்குச் சில நாள்கள், ஏன், வாரங்கள்கூட ஆகலாம். இந்தத் தாமதம் கற்பவருக்கு நன்மையே. பிழையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் தீட்டலாம்.

வாங்கும்போது நம் இல்லத்தார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தைல வண்ணத் தூரிகைகள் காலங்காலமாகப் பன்றி மயிரால் செய்யப்படுகின்றன. 'ஹாக்' அல்லது 'பிரிஸ்டில்' என்று குறித்திருந்தால் பெரும்பாலும் அதுவே. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளைப் பின்பற்றும் நாம் அதைத் தவிர்ப்பதே பேணுதல். செயற்கை இழைத் தூரிகைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பாறைக்கு அவற்றினும் சிறந்த கருவி ஒன்றுண்டு. அது, வளையும் தகடு கொண்ட சிறு வண்ணக் கத்தி. அதனால் வண்ணத்தை அள்ளி ஒரே இழுப்பில் பூசினால் பாறையின் முகம் வெட்டினாற்போல் வந்துவிடும். 'ஐவரி பிளாக்' என்னும் கருமை எலும்பைக் கரித்துச் செய்வது. அதுவும் நமக்குத் தேவையில்லை. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பரைக் கலந்தால் அதனினும் உயிர்ப்பான கருமை கிடைக்கும்.

டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் ஆகிய ஐந்து வண்ணங்கள் தொடக்கத்திற்குப் போதும். நடுவிலுள்ள மூன்றும் மண் நிறங்கள். நம் காவிக்கல்லின் இனம். அல்ட்ராமரைன் முற்காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டிய லாஜவர்து மணியைப் பொடித்துச் செய்யப்பட்டது. கடல் கடந்து வந்ததால் ஐரோப்பியர் அதற்குக் 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்று பொருள்படும் பெயரிட்டனர். 1828 முதல் செயற்கையாகச் செய்யப்படுவதால், இன்று நம் பிள்ளைகளுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது.

தீட்டும் முறை இது. கித்தானிலோ, வெள்ளைப் பூச்சிட்ட அட்டைப் பலகையிலோ முதலில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து மெலிதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். மலையில் வரைந்த படத்தைப் பார்த்துப் பெரிய வடிவங்களை மட்டும் குறியுங்கள். வானம், தொலைமலை, மேகம் ஆகியவற்றை முடித்து, பாறையின் இருளை மெல்லிய வண்ணத்தில் தொடங்குங்கள். பின்பு நடுத்தரம், கடைசியாகத் தடித்த வண்ணத்தில் வெளிச்சம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால், விரைந்து உலரும் மேற்பரப்பு பின்னாளில் வெடித்துவிடும்.

மேகம் பாறையைத் தொடும் விளிம்பில்தான் கைத்திறம் தெரியும். பாறை முழுவதற்கும் கூரிய விளிம்பு வைத்தால் மேகம் வெட்டி ஒட்டியது போலாகும். முழுவதையும் மழுப்பினால் பாறை கரைந்துவிடும். மேகம் மோதும் இடத்தில், ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் மெல்லத் தடவி விளிம்பை இழக்கச் செய்யுங்கள். அதன் அருகிலேயே ஓர் இடத்தில் கத்தியால் கூர்மையாக வெட்டுங்கள். கடலலை பாறையில் சிதறுவதற்கும் இதே விதிதான்.

பேணவேண்டியவை

உலர்ந்த தைல வண்ணம் தோலின்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் கீழே நீர் செல்லாது. ஆகையால் ஒளூச் செய்யுமுன் விரல் இடுக்குகளையும் நகங்களையும் பார்த்து நீக்குவது கடமை. சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, சோப்பிட்டுக் கழுவினால் ஈர வண்ணம் போய்விடும். உலர விட்டால்தான் தொல்லை. மெல்லிய கையுறை அணிவது மேலும் நல்லது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது வெளிப்படும் வெப்பத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, விரித்து உலர்த்திய பின்பே எறியுங்கள். டர்பன்டைன் நெடி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது; சன்னல்கள் திறந்திருக்கட்டும். பயன்படுத்திய டர்பன்டைனைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். மூடிய போத்தலில் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடியும் பயன்படுத்தலாம். சிறு குழந்தைகளுக்குத் தைல வண்ணம் வேண்டாம், நீர்வண்ணமே போதும்.

மலையிலும் எச்சரிக்கை தேவை. பாறை விளிம்பில் எவரையும் அமரவிடாதீர்கள். மூடுபனி சூழ்ந்தால் எழுந்து உள்ளே வந்துவிடுங்கள். உணவுப் பொட்டலம் தெரிந்தால் குரங்குகள் பையோடு கொண்டுபோய்விடும். பாறைகளில் பெயர்களைக் கீறும் பழக்கத்திலிருந்து பிள்ளைகளைத் தடுங்கள். கோத்தகிரிப் பகுதியில் கரிக்கியூர் அருகே ஆதிகால மக்கள் பாறையில் தீட்டிய ஓவியங்களே இத்தகைய கீறல்களால் சிதைந்துள்ளன. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரைந்து முடித்த பின்பு எடுங்கள். முன்பே எடுத்துவிட்டால், பார்த்தாகிவிட்டது என்று கண் ஓய்ந்துவிடும்.

வாசக அன்பர்களே! முதற்படம் நன்றாக அமையாது. பாறை பஞ்சுப் பொதி போலவும் மேகம் சுண்ணாம்புச் சுவர் போலவும் இருக்கும். சிரிக்காதீர்கள், பொய்யாகப் புகழவும் வேண்டாம். "நிழல் எந்தப் பக்கம் விழுந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, நீங்கள் அந்தப் பிள்ளையின் வேலையை மதித்துப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லிவிடும். மறைவாக வரைந்துகொண்டிருந்த கை, உங்கள் முன்னிலையில் வரையத் தொடங்கும். என்ன வரையலாம், எதை விடவேண்டும் என்பதையும் அப்போது அது உங்களிடமே கேட்கும். ஆலிம்களிடம் கேட்டு நீங்கள் விளக்கலாம்.

படத்தை எறிந்துவிடாமல், பின்புறத்தில் பெயர், நாள், நேரம் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாறையின் முன், அஸருக்குச் சற்று முன்னதாக அமரச் செய்யுங்கள். நிழல் வேறு, கண்ணும் வேறாகியிருக்கும், இன்ஷா அல்லாஹ்.